நரம்புக்கலத்தினுள் ஒரு செம்மணி

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளங்களையும் குறுநில மன்னரையும் பற்றியே எழுதினர். 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியனை அறியாத மாணவர் எமது பாடசாலைகளில் இல்லை. ஆயின், அம்மண்ணில் உழுதும் விதைத்தும் வாழ்ந்த மக்கள் எந்நோய்களால் மாண்டனர், அந்நோய்களைப் பற்றிய அறிவு எங்கே தேடப்பட்டது, தேடிக் கண்ட அறிவு அவர்களுடைய குடிசை வாசலை எப்பொழுது வந்தடைந்தது என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. மன்னர் வரலாற்றுக்குச் சாசனங்கள் உண்டு. நோயின் வரலாற்றுக்கும் சாசனங்கள் உண்டு. அவற்றை வாசிக்கும் பழக்கந்தான் எமக்கு இல்லை.

1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்கள் பற்றிய கையேடொன்றை வெளியிட்டார். அந்நூலில் வரும் வன்னி, காய்ச்சலாலும் பறங்கி நோயாலும் நலிந்து, ஆட்குறைந்த கிராமங்களின் நாடு. அப்பறங்கி நோயின் கிருமியைப் பத்து ஆண்டுகளின் பின்னர், 1905இல், கொழும்பிலே நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்டவர் அல்டோ காஸ்தெல்லானி என்னும் இத்தாலியர். கிராமத்தின் புண்ணுக்கும் தலைநகரின் கண்ணாடித் தட்டுக்கும் இடையிலே அன்றே ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது என்பதை மட்டும் இங்கு குறித்துக்கொண்டு, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். அது வேறொரு நோய். வேறோர் இத்தாலியரின் கதை.

போர்நிறுத்தம் நிலவிய காலம். 2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டபின், வன்னியிலிருந்து தெற்கே செல்வோர் ஓமந்தைச் சாவடியில் இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று மறுபுறம் செல்லவேண்டியிருந்தது. அவ்வரிசையில் ஒருநாள் எமக்கு முன்னே நின்ற கமக்காரர் ஒருவரின் கையில் ஒரு றெஜிபோம் பெட்டி இருந்தது. மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐஸ் அதனுள்ளே நிரப்பப்பட்டிருந்தது. ஐசுக்கு நடுவே, பொலித்தீன் பைகளால் சுற்றப்பட்ட ஒரு நாயின் தலை. அவருடைய மகளைக் கடித்த நாய் அது. மகளுக்கு வைத்தியசாலையில் ஊசி தொடங்கியாயிற்று. தலையைக் கொழும்புக்குக் கொண்டுசென்று பரிசோதிக்குமாறு கூறியிருந்தனர். பெட்டி திறக்கப்பட்டது. ஐஸ் வெளியே எடுக்கப்பட்டு வெயிலில் வைக்கப்பட்டது. கடமையிலிருந்த இளைஞன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லாம் முடிந்து பஸ்ஸில் ஏறி அமர்ந்தபின் அவர் எம்மிடம் கேட்டார்: "மாஸ்ரர், அந்த மூளைக்குள்ள என்னத்தைப் பாக்கப்போகினம்?"

நாம் அன்று கூறிய விடை அரைகுறையானது. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றோம். கிருமி எப்படி இருக்கும் என்று கேட்டார். அதற்கு எமக்கு விடை தெரியவில்லை. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது நாணத்தக்க நிலையே. இக்கட்டுரை, காலங்கடந்தேனும் அவ்வினாவுக்கு விடை கூறும் முயற்சியாகும்.

வன்னியின் வாழ்வில் நாய் அலங்காரப் பிராணியன்று. சேனைக் காட்டிலே பன்றி நுழையாமற் காப்பதும், இரவில் யானை வரவை முன்னறிவிப்பதும், மாட்டுப் பட்டிக்குக் காவலிருப்பதும் அதுவே. கழுத்துப்பட்டியோ பதிவுச் சீட்டோ இன்றி, பல வீடுகளில் உண்டு ஒரு வீட்டில் உறங்கும் நாய்களே ஊரில் மிகுதி. காட்டோரத்தில் நரிகளும் உள. நோயுற்ற பிராணியின் உமிழ்நீர் கடிவாயிலூடாகச் செல்வதே நோய் தொற்றும் வழி. இதனை எமது மக்கள் ஆய்வுகூடம் எதுவுமின்றியே நெடுங்காலமாக அறிந்திருந்தனர். விசர் நாய், விசர்க்கடி, நீர்வெறுப்பு என்னும் சொற்களே அதற்குச் சான்று. கடித்த இடம் ஆறிப் பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் கடந்து நோய் வெளிப்படும். வெளிப்பட்டபின் பிழைத்தோர் அரியர் என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். கடிக்கும் நோய்க்கும் இடைப்பட்ட அந்த மௌனமான காலத்தில் உடலினுள் என்ன நிகழ்கிறது என்பதையே எவரும் அறிந்திருக்கவில்லை. பார்வைவைத்தியமும் மந்திரமும் குடிகொண்டது அந்த இடைவெளியிலேதான். கடித்த நாய்கள் எல்லாம் விசர் நாய்கள் அல்ல. ஆகையால் பார்வைவைத்தியருக்கு வெற்றிகள் எப்பொழுதும் கிடைத்தன.

காலனித்துவ அரசு இந்நோயைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்று கூற முடியாது. இலங்கையின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனால் அது நாயைப் பற்றிய சட்டம். கடியுண்டவரைப் பற்றிய சட்டமன்று. கடியுண்டவருக்கான வழியை லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் பாரிசில் காட்டியிருந்தார். யோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயலின் முள்ளந்தண்டு வடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்து ஏற்றப்பட்டது, அவன் பிழைத்தான். இதில் வியப்பு யாதெனில், எக்கிருமிக்கு எதிராகத் தாம் மருந்து செய்தாரோ அக்கிருமியைப் பாஸ்டர் கண்ணாற் கண்டதேயில்லை. அவருடைய நுணுக்குக்காட்டிக்கு அது எட்டவில்லை. காணாத எதிரியை வென்ற சாதனை அது.

இந்தியாவில் முதலாவது பாஸ்டர் நிலையம் 1900ஆம் ஆண்டில் கசௌலியில் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் நாய் கடித்த ஆங்கிலச் சிப்பாய்களைக் கப்பலேற்றிப் பாரிசுக்கு அனுப்பிவந்தனர். கடியுண்ட இந்தியக் கூலியாளைப் பாரிசுக்கு அனுப்புவதைப் பற்றி எவரும் பேசியிருப்பர் என்று நாம் எண்ணவில்லை. 1907இல் தென்னாட்டுக்கென நீலகிரியின் குன்னூரில் மற்றொரு நிலையம் எழுந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய மருந்து, ஆட்டின் மூளையில் வளர்த்த வைரசைப் பீனோலால் செயலிழக்கச் செய்து ஆக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எமது முதியோர் இன்றும் அச்சத்துடன் நினைவுகூர்வது இம்மருந்தையே. மலிவானது, எளிதில் செய்யத்தக்கது. பல இலட்சம் உயிர்களைக் காத்தது. ஆயினும் அதில் மூளை இழையமும் கலந்திருந்தமையால், ஊசி ஏற்றப்பட்டோருள் ஒரு சிலருக்கு உடல் தன் நரம்புகளையே தாக்கிப் பக்கவாதம் விளைந்தது. செல்வந்த நாடுகள் அதனைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஏழை நாடுகள் அதனையே நம்பியிருக்க வேண்டியிருந்தது.

இனிப் பவியா நகருக்குச் செல்வோம். வட இத்தாலியிலுள்ள அப்பல்கலைக்கழக நகரில் கமில்லோ கொல்கியின் ஆய்வுகூடம் இருந்தது. நரம்பு இழையத்தை வெள்ளி உப்பினால் சாயமேற்றும் முறையைக் கண்டவர் அவர். 1898இல் நரம்புக்கலத்தின் குழியவுருவினுள் வலைபோன்ற ஓர் அமைப்பையும் கண்டார். இன்று உயர்தர வகுப்பு மாணவர் கொல்கி உபகரணம் என்று மனனம் செய்வது அதனையே. அதனை அன்று பலர் நம்பவில்லை. சாயத்தின் மாயம் என்றனர். கொல்கியின் உதவியாளராய் இருந்த இளைஞர் அடெல்கி நெக்ரி. விசர்நாய்க்கடி நோயால் இறந்த விலங்குகளின் மூளையை, குறிப்பாக அம்மோனின் கொம்பு எனப்படும் பகுதியையும் மூளியையும், மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி ஆராய்ந்தார். 1903ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் தமது முடிவைப் பவியா மருத்துவர் கழகத்தில் அறிவித்தார். நரம்புக்கலத்தினுள்ளே, கருவுக்கு வெளியே, குழியவுருவில், உருண்டையான செந்நிற மணிகள் காணப்பட்டன. சில மணிகளினுள்ளே மேலும் சிறிய மணிகள். நலமான விலங்கின் மூளையில் அவை இல்லை.

அவை ஓர் ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமியை ஒத்த ஒருகல உயிர், என்று நெக்ரி முடிவு கட்டினார். அம்முடிவு பிழை. ஆனால் அது அறிவீனமான பிழையன்று. மலேரியா ஆராய்ச்சி வெற்றிமுரசு கொட்டிய காலம் அது. கொல்கியே மலேரியா ஆராய்ச்சியில் பேர்பெற்றவர். குருதிக்கலத்தினுள் ஒட்டுண்ணியைக் கண்டு பழகிய கண், நரம்புக்கலத்தினுள்ளும் ஒட்டுண்ணியையே கண்டது. அதே 1903இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் றெம்லிங்கரும் றிபாற் பேயும் வேறொரு பரிசோதனை செய்தனர். நோயுற்ற மூளையை அரைத்து, பற்றீரியாவும் புகமுடியாத நுண்துளை வடியினூடாக வடித்தனர். வடிந்த நீரும் நோயைத் தந்தது. நோய்க்காரணி அத்துணைச் சிறியதாயின், நுணுக்குக்காட்டியில் பளிச்செனத் தெரியும் நெக்ரியின் மணி அக்காரணியாக இருத்தல் எங்ஙனம்? நெக்ரி விட்டுக்கொடுக்கவில்லை. ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தில் வடியைக் கடக்கத்தக்க சிறிய பருவமொன்று இருக்கலாம் என வாதித்தார். 1912இல், முப்பத்தைந்து வயதிலே, காசநோயால் அவர் மறையும்வரை அக்கொள்கையிலேயே நின்றார்.

வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தில் நெக்ரியை விட்டுவிட்டு அடுத்த மேதைக்குத் தாவிவிடுவர். நாம் சற்றுத் தரித்து நிற்க விரும்புகின்றோம். ஏனெனில் கொள்கை பிழையாயினும் மணிகள் மெய். அவற்றைக் கொண்டு ஒரு நாய் விசர் நாயா அன்றா என்று கூறிவிட முடிந்தது. அதற்கு முன்னர், சந்தேகத்துக்குரிய மூளையை முயலினுள் ஏற்றி, முயல் நோயுறுகிறதா என்று வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். கடியுண்ட குழந்தையின் தாய்க்கு அவ்வாரங்கள் எத்தகையன என்பதைக் கூறவேண்டியதில்லை. மணிகள் உண்மையில் நம்பத்தகுந்த அடையாளமா என்பதை, விலங்கு விலங்காக ஆராய்ந்து உறுதிசெய்வதில் பெரும்பங்கு கொண்டவர் லீனா லுட்சானி என்னும் பெண் ஆராய்ச்சியாளர். பின்னர் நெக்ரியின் மனைவியானவர். அத்திலாந்திக்குக்கு அப்பால், நியூயோர்க் நகரச் சுகாதாரப் பகுதியின் ஆய்வுகூடத்தில் அன்னா வெசல்ஸ் வில்லியம்ஸ் என்பவரும் அதே மணிகளைத் தாமாகவே கண்டிருந்தார். அவசரப்படாமல் மீண்டும் மீண்டும் சரிபார்த்துக்கொண்டிருக்கையில் நெக்ரியின் கட்டுரை வெளிவந்துவிட்டது. பெயர் அவருக்குப் போயிற்று. வில்லியம்சோ மனந்தளரவில்லை. மூளையைச் சீவலாக வெட்டும் நீண்ட வேலையைத் தவிர்த்து, ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் தேய்த்துச் சாயமேற்றும் முறையை 1905இல் வகுத்தார். வாரக்கணக்கில் நீண்ட வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. நெக்ரி மணிகள் என்று பாடநூல் எழுதும்; அம்மணிகளை மக்களுக்குப் பயன்படச் செய்தது பலருடைய கூட்டுழைப்பு. அவருள் இருவர் பெண்கள்.

ஆயினும் சாயம் கூறுவது ஒன்றே: இங்கே ஏதோ இருக்கிறது. அது என்ன பொருள் என்று சாயம் கூறாது. அந்த 'ஏதோ' உண்மையில் வைரசின் உறுப்பா, அன்றி நோயுற்ற கலத்தின் கழிவா என்னும் ஐயம் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அதனைத் தீர்த்த கருவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

1939ஆம் ஆண்டின் கோடை. அல்பேர்ட் கூன்ஸ் என்னும் இளம் அமெரிக்க வைத்தியர் பேர்லினில் தங்கியிருந்தார். உலகப்போருக்குச் சில வாரங்களே இருந்தன. கீல்வாதக் காய்ச்சலில் இழையங்களுள் தோன்றும் முடிச்சுகளைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. உடல், தன்னுள் நுழைந்த ஒவ்வோர் அந்நியப் புரதத்துக்கும் பொருத்தமான பிறபொருளெதிரி ஒன்றை ஆக்குகின்றது. பூட்டுக்கேற்ற திறப்பு என்று கொள்ளலாம். அத்திறப்பிலே ஒரு சிறு விளக்கைக் கட்டிவிட்டால், இருட்டிலே பூட்டு எங்கே இருக்கின்றது என்று விளக்கே காட்டிவிடுமல்லவா? ஹார்வட்டுக்குத் திரும்பி, வேதியியலாளரின் துணையுடன், பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். 1941இல் முதன்முதல் பயன்படுத்திய சாயம் நீலமாக ஒளிர்ந்தது; இழையமும் இயல்பாகவே நீலமாக ஒளிரும் ஆதலின் குழப்பம் ஏற்பட்டது. அதனால் பச்சையாய் ஒளிரும் புளோரசீனுக்கு மாறினார். பின்னர் அவரும் போருக்குச் சென்றார். போர் முடிந்தபின்னரே முறை செம்மையுற்றது.

1958இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் இம்முறையை விசர்நாய்க்கடி நோய்க்குப் பயன்படுத்தினர். நாயின் மூளையை கண்ணாடித் தட்டில் பதித்து, ஒளிரும் பிறபொருளெதிரியை ஊற்றி, மிகுதியைக் கழுவிவிட்டு, ஊதாக் கடந்த ஒளியில் நோக்கினர். இருண்ட வானத்திற் பச்சை நட்சத்திரங்கள்போல் வைரசின் புரதம் ஒளிர்ந்தது. பெரிய புள்ளிகள் நெக்ரி மணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைச் சுற்றி, பழைய சாயத்துக்கு ஒருபொழுதும் தென்படாத தூசுபோன்ற நுண்புள்ளிகளும் இருந்தன. இதன் விளைவு சிறிதன்று. விசர் நாய்களுள் கணிசமானவற்றின் மூளையில் நெக்ரி மணிகள் தென்படுவதேயில்லை என்பது தெளிவாயிற்று. அதாவது, அரை நூற்றாண்டாக 'மணி இல்லை' என்று கூறித் திருப்பியனுப்பப்பட்டோருள் எத்தனை பேர் விசர் நாயாற் கடியுண்டவர்? இவ்வினாவுக்கு விடை கூற இனி எவராலும் முடியாது. ஒளிரும் முறை சில மணி நேரத்தில் மிகவுயர்ந்த நம்பகத்துடன் முடிவு கூறியது. இன்றும் உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது அதுவே.

1960களின் தொடக்கத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வைரசின் உருவத்தையே காட்டிற்று. துப்பாக்கிக் குண்டின் வடிவம். அதனுள் ஏறத்தாழ 12,000 எழுத்துகள் நீளமான ஓர் ஆர்.என்.ஏ. இழை. அவ்விழை ஐந்தே ஐந்து புரதங்களுக்கு மட்டும் கட்டளை தருகின்றது. இருபதினாயிரமளவு மரபணுக்கள் கொண்ட மனிதனை ஐந்து புரதங்கள் வீழ்த்துவது எங்ஙனம்? அவற்றின் வலிமை எண்ணிக்கையில் இல்லை, இடத்தில் இருக்கின்றது.

ஐந்தும் நரம்புக்கலத்தின் குழியவுருவில், கலத்தின் சொந்தத் தொழிற்கருவிகளைக் கொண்டே ஆக்கப்படுகின்றன. ஆக்கப்பட்டபின் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குச் செல்கின்றது. என் எனப்படும் புரதம் ஆர்.என்.ஏ. இழையை நெடுகப் போர்த்துக்கொள்கின்றது. எல் என்னும் பெரிய புரதம் இழையைப் படியெடுக்கின்றது. பீ அவ்விரண்டையும் இணைக்கின்றது. எம் மென்சவ்வின் உட்புறத்தே சென்று படிகின்றது. ஜீ என்னும் புரதமோ கலத்தின் மேற்பரப்பிலே முள்ளாக நிற்கவேண்டியது. எனவே அது அகமுதலுருச் சிறுவலை வழியாகவும், பின்னர் கொல்கி உபகரணத்தின் வழியாகவும், வெல்லக் கூறுகள் பொருத்தப்பெற்று வெளியே செல்கின்றது. எவருடைய ஆய்வுகூடத்தில் நெக்ரி தம் மணிகளைக் கண்டாரோ அவர் கண்ட வலையூடாகவே இவ்வைரசின் முள் பயணஞ் செய்கின்றது. ஒரே கட்டடத்தில், ஐந்தாண்டு இடைவெளியில், ஒரே கதையின் இரு பாதிகள் காணப்பட்டன. காண்போர் எவரும் அவை ஒரே கதை என்று அறியவில்லை.

மணிகளின் தன்மை பற்றிய வழக்கு இறுதியாகத் தீர்ந்தது எமது நூற்றாண்டிலேதான். 2009இல், பாரிசுக்கு அண்மையிலுள்ள ஜிவ்-சூர்-இவெத்தில் பணிபுரிந்த ஆராய்ச்சியாளர், வைரசின் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் இடம் நெக்ரி மணியே என்று காட்டினர். மணியினுள்ளே என், பீ, எல் ஆகிய மூன்றும் குவிந்திருக்கின்றன. அது கழிவுமன்று, ஒட்டுண்ணியுமன்று, தொழிற்சாலை. 2017இல் அதே நாட்டவர் மேலுமொன்றைக் கூறினர். அத்தொழிற்சாலைக்குச் சுவர் இல்லை. மென்சவ்வு எதனாலும் சூழப்படாத அம்மணி, நீரில் எண்ணெய்த்துளி திரள்வதுபோல் புரதங்கள் தாமாகத் திரண்ட ஒரு துளி. இரு துளிகள் தொட்டால் ஒன்றாகின்றன. ஆக்கி முடித்த ஆர்.என்.ஏ. இழைகள் துளியை விட்டு வெளியேறி, கலத்தின் நுண்புன்குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்டு மென்சவ்வை நோக்கிச் செல்கின்றன. நெக்ரி வரைந்த உருண்டை வடிவத்துக்கு நூற்றுப் பதினான்கு ஆண்டுகளின் பின் காரணம் கிடைத்தது: துளி ஆதலால் உருண்டை.

இடத்தின் வலிமைக்கு இன்னும் இரு சான்றுகள் கூறி அப்பாற் செல்வோம். வைரசு நுழைந்ததும் கலம் எச்சரிக்கை எழுப்ப முயல்கின்றது. அவ்வெச்சரிக்கையைச் சுமக்கும் தூதுப் புரதம் குழியவுருவிலிருந்து கருவினுள் சென்றாற்றான் பாதுகாப்பு மரபணுக்கள் விழிக்கும். பீ புரதம் அத்தூதனைப் பற்றிக் குழியவுருவிலேயே தடுத்து வைத்துவிடுகின்றது. தூதனைக் கொல்லவேண்டியதில்லை, போகவிடாமல் மறித்தாற் போதும். மற்றையது, வன்னியில் வாழ்வோருக்கு நெருக்கமானது. ஜீ புரதத்தின் ஒரு பகுதி, நாகம், கட்டுவிரியன் ஆகிய பாம்புகளின் நரம்பு நஞ்சை அமைப்பில் ஒத்திருக்கின்றது என 1984இல் லென்ற்சும் அவருடைய குழுவினரும் காட்டினர். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் நஞ்சு பற்றிக்கொள்ளும் அதே வாங்கியை வைரசும் பற்றிக்கொள்கின்றது. பாம்பின் நஞ்சு அங்கேயே நின்று மூச்சுத் தசைகளை ஓயச் செய்கின்றது. வைரசோ அவ்வாசலூடாக நரம்பினுள் புகுந்து, மூளையை நோக்கி மெல்ல ஏறத் தொடங்குகின்றது. காலிற் கடித்தால் நோய் தாமதித்தும் முகத்திற் கடித்தால் விரைந்தும் வருவதன் காரணம் இவ்வழியின் நீளமே. எமது முன்னோர் அறியாதிருந்த அந்த மௌனமான காலம், இப்பயணத்தின் காலம். ஊசியும் அப்பயணம் முடியுமுன் உடலைத் தயார்செய்வதற்கான பந்தயமே. கடிவாயைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுக என்று வைத்தியர் வலியுறுத்துவதும் வைரசு வாசலை அடையுமுன் அகற்றுவதற்கே.

வாசகர் இனிக் கேட்கலாம்: இவ்வறிவெல்லாம் 1958 முதற்கொண்டு உலகில் உள்ளதாயின், ஓமந்தை வரிசையில் நின்ற மனிதருக்கு அது ஏன் எட்டவில்லை? எட்டியது, ஆனால் ஒரு நீண்ட கயிற்றின் நுனியாக எட்டியது. ஒளிரும் பரிசோதனைக்குக் குளிர்ந்த, அழுகாத மூளை வேண்டும். போமலினில் இட்டுப் பாதுகாத்து அனுப்பினால் வழமையான முறையிற் பரிசோதிப்பது கைகூடாது. ஆகவே ஐஸ் வேண்டும். ஐசுக்கு மின்சாரம் வேண்டும். நாட்டில் இப்பரிசோதனைக்கு நெடுங்காலம் முதன்மையாய் இருந்தது கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம். கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆகவே வீதி வேண்டும். 1990களில் வன்னியில் மின்வலையமைப்பு இல்லை, எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்கள், வீதி மூடப்பட்டிருந்தது. 2002இல் திறந்த வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் மக்கள் முழுவதுமாகப் பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, நாய்கள் வெற்றூர்களில் எஞ்சின.

நாடு முழுவதையும் நோக்குமிடத்து நிலை முன்னேறியுள்ளது என்பதை மறைப்பது நேர்மையன்று. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலைத்திட்டமும், அரச வைத்தியசாலைகளில் இலவச ஊசியும் சேர்ந்து, 2010ஆம் ஆண்டின் பின் அவ்வெண்ணிக்கையை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே கொணர்ந்தன. இலவச மருத்துவம் என்னும் மக்கள் உரிமையின் பயன் இது. எந்தத் தனியார் வணிகமும் இதனைச் செய்திராது. உலகிலோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் எனக் கணிக்கப்படுகின்றது. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் உள்ள ஏழைக் கிராமத்தவர், அவருள்ளும் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். ஐந்து புரதங்களும் எங்கெங்கே நிற்கின்றன என்று துல்லியமாக அறிந்த நூற்றாண்டிலே நிகழும் மரணங்கள் இவை.

அக்கமக்காரரை நாம் சில மாதங்களின் பின் மீண்டும் சந்தித்தோம். மகள் ஊசி முழுவதையும் ஏற்றிக்கொண்டு நலமாய் இருந்தாள். நாயின் தலையைப் பற்றிக் கேட்டோம். மூளை அழுகிவிட்டது, பரிசோதிக்க இயலாது என்று கடிதம் வந்ததாம். அவருக்கு மகளைப் பற்றிய கவலை தீர்ந்திருந்தது. ஆனால் அதே நாய் அவ்வூரில் வேறு நால்வரின் கைகளை நக்கியும் பிறாண்டியும் இருந்தது. மூளையில் புரதம் ஒளிர்ந்தது என்றொரு வரி வந்திருப்பின், அதனைக் காட்டி அந்நால்வரையும் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றிருக்கலாம். ஒளிரவில்லை என்று வந்திருப்பின் எல்லாரும் நிம்மதியாக உறங்கியிருக்கலாம். இரண்டும் வரவில்லை. அவர் வீடு வீடாகச் சென்று பேசினார். மூவர் இசைந்து வேலைநாள் கூலியை இழந்து ஊசி ஏற்றிக்கொண்டனர். நான்காமவர் ஒரு முதியவர். "நான் உதெல்லாம் கண்டனான் தம்பி, எனக்கு ஊசி வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். அன்று முதல் ஓராண்டு வரை, அவருடைய பேரப்பிள்ளைகள் அவரைத் தனியே கிணற்றடிக்குப் போகவிடவில்லை. நாள்தோறும் காலையில் அவருக்குத் தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர்.